உரைகல்லும் ஜீவனியும்: கொழும்புத் தமிழரின் பிள்ளை மருந்து பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

வெள்ளவத்தைத் தொடர்மாடி வீடுகள் சிலவற்றின் சமையலறையில் இன்றும் ஒரு சிறு உரைகல்லைக் காணலாம். சாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுட்ட வசம்பு முதலியவற்றைத் தாய்ப்பாலில் இழைத்துக் குழந்தையின் நாவில் தடவுதற்குரிய கல் அது. அம்மருந்துக்கு வேறு அளவுகோல் இல்லை. கல்லில் எத்தனை சுற்று இழைப்பது என்பதே அளவு. சுற்றைக் கூட்டுவதும் குறைப்பதும் அம்மம்மாவின் உரிமை. பெற்றவளுக்கு அதிற் பெரும்பாலும் பங்கில்லை.

இதனை வெறும் அறியாமை என ஒதுக்குதல் எளிது. ஆயின் இதன் பின்னால் ஓர் ஏட்டு மரபு உண்டு. யாழ்ப்பாண அரசர் காலத்தோடு தொடர்புறுத்தப்படும் பரராசசேகரம் என்னும் மருத்துவ நூல் பாலரோகங்களைத் தனியே எடுத்துப் பேசுகின்றது. தமிழகத்துப் பாலவாகட நூல்கள் வகுத்த மாந்தம், கணம், கிரந்தி என்னும் பெயர்களே இன்றும் எமது வீடுகளில் வழங்குகின்றன. நோய்க்குப் பெயரிடுபவரே மருந்தையும் தீர்மானிக்கின்றார் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. வயிற்றோட்டம் 'மாந்தம்' எனப்படின் உரைகல். 'கிருமித்தொற்று' எனப்படின் வைத்தியர்.

அம்மை நோயில் இது மேலும் தெளிவாகும். இலங்கையில் அம்மைப்பால் குத்தும் முறை 1802 இலேயே புகுத்தப்பட்டது. பெரியம்மை உலகினின்றும் ஒழிந்ததென 1980 இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. நோய் அகன்றும் அம்மன் அகலவில்லை. கொப்புளிப்பானும் சின்னமுத்தும் அவளுடையனவாயின. கொட்டாஞ்சேனையில் பிள்ளைக்குக் கொப்புளிப்பான் கண்டால் வாசலில் வேப்பிலை செருகப்படும்; அயலார் உள்ளே வாரார்; முத்துமாரியம்மனுக்கு நேர்த்தி வைக்கப்படும். ஆட்களை விலக்கி வைக்கும் இவ்வழக்கம் சுகாதார விதியோடு நன்கு பொருந்துவதே. மருந்து கொடுத்தால் அம்மன் சினப்பாள் என்று காய்ச்சல் முற்றும்வரை காத்திருப்பதுதான் கேடு.

பழையது என நாம் நம்புவன யாவும் பழையனவும் அல்ல, தமிழருக்கே உரியனவும் அல்ல. பல பாட்டிமார் பரம்பரைச் சொத்தாகக் கருதும் கிரைப் வாட்டர் 1851 இல் இங்கிலாந்தில் வூட்வேட் என்பார் ஆக்கியது. நெடுங்காலம் அதில் மதுசாரமும் கலந்திருந்தது! கொத்தமல்லிக் குடிநீரோ சிங்களவர், முஸ்லிம்கள், தமிழர் அனைவர் வீட்டிலும் கொதிப்பது. புறக்கோட்டைக் காபோஸ் ஒழுங்கை மருந்துச் சரக்குக் கடைகளில் மூவினத் தாய்மாரும் அருகருகே நிற்பர்.

1847 இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயிற் பணிபுரிந்த வைத்தியர் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார், தமிழில் நூல்களும் ஆக்கினார். தாயின் மொழியிற் பேசாத மருத்துவம் அவள் வீட்டினுள் நுழையாது என்பதை அவர் உணர்ந்திருந்தார் போலும். பின்னர் 1929 இல் கொழும்பிற் சுதேச வைத்தியக் கல்லூரி தோன்றிற்று. 1961 இல் ஆயுர்வேதச் சட்டம் வந்தது. எனினும் உரைகல்லைச் சட்டம் எட்டவில்லை.

என் தமக்கையின் ஏழு மாதக் குழந்தைக்கு வயிற்றோட்டம் கண்டபோது இரண்டு நாள் உரைமருந்தே கொடுக்கப்பட்டது. தண்ணீர் கொடுத்தால் மாந்தம் கூடும் என அதுவும் குறைக்கப்பட்டது. கண் குழிந்த பின்னரே வைத்தியசாலைக்கு ஓடினோம். அங்கு ஒருவர் ஏசினார். அம்மம்மா வாயே திறக்கவில்லை. ஜீவனிக் கரைசலால் குழந்தை தேறிற்று. மறுநாட் காலை இளம் பெண் வைத்தியர் ஒருவர் கதிரையை இழுத்து அம்மம்மாவின் அருகில் அமர்ந்து, "வீட்டில் என்ன கொடுத்தீர்கள், அம்மா?" என்று தமிழிற் கேட்டார். அம்மம்மா சிறிது நேரம் அவர் முகத்தைப் பார்த்தார். பின்னர், "ஐந்து சுற்று" என்றார்.