உமறுப் புலவர் பாடிய அரபு நாடு



சென்ற ரபீஉல் அவ்வல் மாதத்தில் ஒரு நாள், மஃரிபுத் தொழுகைக்குப் பின் சீறாப்புராணத்தின் நாட்டுப் படலத்திலிருந்து சில பாடல்களை எடுத்து விளக்கம் கூறினோம். பயான் முடிந்ததும், ஜித்தாவில் பணிபுரிந்து விடுமுறையில் ஊர் வந்திருந்த இளைஞர் ஒருவர் நம்மிடம் வந்தார். “ஹஜ்ரத், நான் பலமுறை உம்ரா செய்திருக்கிறேன். மக்காவைச் சுற்றிலும் கரும்பாறை மலைகள்தாம். புலவர் பாடிய நெல்வயல் எங்கே இருக்கிறது? பெருமானார் வரலாற்றில் பொய்யைக் கலக்கலாமா? இதைப் பள்ளிவாசலில் படிக்காமல் விட்டுவிட்டால் என்ன?” என்று கேட்டார். மரியாதை குறையாமல்தான் கேட்டார். ஆயினும் அருகிலிருந்த பெரியவர் ஒருவருக்குக் கோபம் வந்துவிட்டது. கோபித்து அடக்கிவிடக்கூடிய கேள்வி அன்று அது. அன்றிரவு நின்றபடியே ஓரிரு வார்த்தை கூறி அனுப்பினோம். எஞ்சியதை இங்கே எழுதுகிறோம்.

பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த உமறுப் புலவர், எட்டயபுரம் அரசவைப் புலவராயிருந்த கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் கற்றவர். பெருமானாரின் வரலாற்றைத் தமிழில் காப்பியமாகப் பாடுமாறு அவரை வேண்டியவர் கீழக்கரை வள்ளல் சீதக்காதி. நூலுக்குரிய செய்திகளைப் பெறுவதற்காக அவர் மாமேதை ஸதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்களிடம் சென்றார். அரசவைப் புலவரின் கோலத்தில் வந்து நின்றவரைக் கண்டு அப்பா அவர்கள் முதலில் இணங்கவில்லை என்றும், பின்னர் மனம் இசைந்து பரங்கிப்பேட்டையிலிருந்த தம் மாணவர் லெப்பை அலி ஹாஜியார் வழியாகச் செய்திகள் கிடைக்கச் செய்தார்கள் என்றும் நம் முன்னோர் வழிவழியாகச் சொல்லி வந்துள்ளனர்.

ஆலிம்களிடம் கேட்டறிந்து பாடியவருக்கு மக்காவின் நிலம் எத்தகையது என்பது தெரியாமல் இருந்திருக்குமா? தம் சந்ததியைப் பயிர் விளையாத பள்ளத்தாக்கில் குடியமர்த்தியதாக இப்ராஹீம் (அலை) அவர்கள் இறைவனிடம் முறையிட்டதைத் திருமறையின் 14ஆம் அத்தியாயம் 37ஆம் வசனம் கூறுகிறது. மக்தபில் ஓதும் பிள்ளைகளும் அறிந்த செய்தி அது. ஆகவே அறியாமையால் அவர் வயலைப் பாடினார் என்று சொல்வதற்கில்லை. அறிந்தே பாடினார். ஏன் பாடினார் என்பதே கேள்வி.

பெருங்காப்பியம் என்றால் மலை, கடல், நாடு, நகர், பருவம், ஞாயிறும் திங்களும் தோன்றுதல் ஆகிய வருணனைகள் அதில் இடம்பெற வேண்டும் என்று தண்டியலங்காரம் இலக்கணம் வகுத்திருக்கிறது. மேகம் கடல்நீரை முகந்து சென்று மலையில் பொழியும். வெள்ளம் மலைபடு பொருள்களை வாரிக்கொண்டு இறங்கி வயலை அடையும். உழவர் நடுவர், அறுப்பர், சூடடிப்பர். கம்பர் கோசலத்தைப் பாடியதும் இம்முறையில்தான். தமிழ்க் காப்பியம் கேட்டுப் பழகிய செவிக்கு, நீர்வளம் என்பது வெறும் நில வருணனை அன்று. அந்த நாட்டின் மீது இறைவனின் அருள் இறங்கியிருக்கிறது, அங்கே உயர்ந்தோர் ஒருவர் தோன்றப் போகிறார் என்பதற்கு அதுவே அறிகுறி. இன்னொன்றும் சொல்ல வேண்டும். எட்டயபுரம் கரிசல் பூமி. வானம் பார்த்து விதைக்கும் நிலம். புலவர் பாடிய வயலும் வாய்க்காலும் அவர் வாழ்ந்த ஊரிலேயே இல்லை!

இது பொய் ஆகாதா? மதரஸாவில் ‘பலாகா’ எனப்படும் அணியியல் பாடம் ஓதிய எவருக்கும் இதற்கு விடை தெரியும். “சிங்கத்தைக் கண்டேன், அம்பு எய்துகொண்டிருந்தது” என்பது அப்பாடத்தில் வரும் பழைய உதாரணம். சிங்கம் அம்பு எய்யாது. ஆகவே சொன்னவர் ஒரு வீரனைக் குறிக்கிறார் என்பதைக் கேட்பவர் உடனே உணர்ந்துகொள்வார். ‘அம்பு எய்தல்’ என்னும் அந்தச் சொல்லே அடையாளம். அதற்கு ‘கரீனா’ என்று பெயர். உருவகத்துக்கும் பொய்க்கும் உள்ள வேறுபாட்டை நம் இமாம்கள் இங்கேதான் வைத்தார்கள். உருவகம் கூறுபவர் தம் கருத்து நேர்ப்பொருள் அன்று என்பதற்கான அடையாளத்தைத் தாமே நட்டுவைக்கிறார். பொய்யரோ அடையாளத்தை மறைக்கிறார்; தம் சொல்லை நேர்ப்பொருளிலேயே நம்பவைக்கப் பாடுபடுகிறார்.

உமறுப் புலவர் அடையாளத்தை மறைத்தாரா? இல்லை. விலாதத்துக் காண்டத்திலேயே சற்றுத் தள்ளிச் சென்றால் ‘சுரத்திற் புனலழைத்த படலம்’ வருகிறது. ஷாம் தேசம் நோக்கிச் செல்லும் வணிகக் கூட்டம் நீரின்றித் தவிக்கிறது. சுரம் என்பது நீரற்ற கொடுவழிக்குத் தமிழ் மரபில் வழங்கும் பழஞ்சொல். மருதத்தைப் பாடிய அதே நாவால், தமிழில் ஆயத்தமாயிருந்த பாலைத் திணையை எடுத்து அரபுப் பாலைவனத்துக்கு உரியதாக்கினார். பாலையை மறைக்க எண்ணியவர் இவ்வாறு பாடியிருக்க மாட்டார்.

மரபுப்படி தொடங்குவதற்குப் பெருமானாரின் திருச்சமூகத்திலேயே முன்னுதாரணம் உண்டு. கஅபு இப்னு ஸுஹைர் (ரலி) அவர்கள் மன்னிப்பு வேண்டி மதீனா வந்து பாடிய கவிதை, ஸுஆத் என்னும் பெண்ணின் பிரிவை எண்ணி வருந்துவதில் தொடங்குகிறது. பின்னர் ஒட்டகத்தை நெடிதாக வருணித்து, அதன் பிறகே மன்னிப்புக்கு வருகிறது. அரபுக் கஸீதாவின் மரபு அது. உயிருக்கு அஞ்சி வந்தவர் பிரிந்த பெண்ணைப் பற்றிப் பாடுவதாவது என்று அங்கே எவரும் கேட்கவில்லை. பெருமானார் (ஸல்) அவர்கள் செவியேற்றார்கள். தம் போர்வையையே அவருக்குப் பரிசாக அளித்தார்கள் என்றும் கூறப்படுகிறது.

இளைஞர் கேட்காத, ஆனால் அதைவிடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு. பெருமானார் பிறப்பைக் கூறும் பகுதிக்கு ‘நபியவதாரப் படலம்’ என்று பெயர். அவதாரம் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்கு மனம் திடுக்கிடும். கம்பராமாயணத்தில் ‘திருஅவதாரப் படலம்’ இருக்கிறது. அங்கே அச்சொல் இறைவன் இறங்கி வந்து பிறத்தலைக் குறிக்கிறது. உமறு அதே சொல்லை எடுத்தாள்கிறார். ஆனால் அதை வைத்திருக்கும் இடத்தைக் காணுங்கள். அதற்கு முந்தியது ‘தலைமுறைப் படலம்’. ஆதம் (அலை) அவர்கள் தொடங்கி, தந்தைக்குப் பின் மகன் என்று வரிசை இறங்கி வருகிறது. அரச பரம்பரை கூற வேண்டிய இடத்தில் புலவர் நபிமார்கள் வந்த பரம்பரையை வைத்தார். அவ்வரிசையைப் படித்து முடித்து அடுத்த படலத்துக்கு வருபவருக்கு, அப்துல்லாஹ்வுக்கும் ஆமினாவுக்கும் ஒரு மகன் பிறந்தார் என்பதன்றி வேறு பொருள் தோன்றாது. ஹிஜ்ரி 471இல் (1078) மறைந்த இமாம் அப்துல் காஹிர் ஜுர்ஜானி (ரஹ்) அவர்கள், சொல்லின் சிறப்பு தனிச்சொல்லில் இல்லை, அது கோக்கப்பட்ட முறையில் இருக்கிறது என்று விரிவாக நிறுவினார்கள். அந்த விதிக்கு இதைவிட நல்ல சான்று தமிழில் நாம் கண்டதில்லை.

ஆயினும் மிம்பரில் நின்று நாம் அச்சொல்லைப் பயன்படுத்த மாட்டோம். குத்பா கேட்பவர் முன்னே தலைமுறைப் படலம் இராது. ஒற்றை வாக்கியத்தில் அடையாளம் நிற்காது. அவ்வாறே மானுக்குப் பிணை நின்ற படலத்தைப் படித்துக் கண் கலங்குவது வேறு, அதை ஆதாரமாகக் காட்டிச் சட்டம் சொல்வது வேறு. அச்செய்தியின் அறிவிப்பாளர் தொடர் பற்றி ஹதீஸ்கலை அறிஞர்களிடையே விமர்சனம் உண்டு. காப்பியத்தைக் காப்பியமாகவே படிக்க வேண்டும்.

5027 பாடல்களைக் கொண்ட சீறாப்புராணம் பெருமானாரின் வாழ்வை முழுமையாகச் சொல்லி முடிக்கவில்லை. எஞ்சிய பகுதியைப் பனூ அஹ்மது மரைக்காயர் ‘சின்னச் சீறா’ எனப் பாடினார். ஏடுகளாகவே இருந்த சீறாப்புராணத்தை 1842இல் செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்கள் அச்சேற்றினார்கள்.

அந்த இளைஞர் ஜித்தா திரும்பும் முன் நம்மிடம் வந்து, பள்ளிவாசல் நூலகத்திலிருந்த விலாதத்துக் காண்ட உரைநூலைக் கேட்டு வாங்கிச் சென்றார். தொலைபேசியில் அழைத்தபோது, தலைமுறைப் படலத்தில் நின்றுகொண்டிருப்பதாகவும், பெயர்கள் நீண்டுகொண்டே போவதாகவும் சொன்னார். நூல் இன்னும் திரும்பி வரவில்லை. நூலகப் பொறுப்பாளர் பதிவேட்டில் குறித்து வைத்திருக்கிறார்.