இலுப்பைப் பிண்ணாக்கும் பிற எரிநெய்ச் சக்கைகளும்

இலுப்பை விதையை ஆட்டி எண்ணெய் எடுத்தபின் செக்கில் எஞ்சும் சக்கை இலுப்பைப் பிண்ணாக்கு எனப்படும். விளக்கெரிக்கவும், பிற்காலத்தில் டீசலுக்கு மாற்றாகவும் பயன்படுத்தப்பட்ட தாவர எண்ணெய்களின் பக்க விளைபொருள்களுள், நீண்டகாலமாகப் பலவகைப் பயன்பாடு கண்டவற்றில் இதுவும் ஒன்றாகும்.

இலங்கையின் வடக்கிலுள்ள வன்னிப் பெருநிலப்பரப்பில் இலுப்பை பழக்கமான மரமாகும். இலுப்பைக்கடவை முதலிய ஊர்ப்பெயர்கள் இதற்குச் சான்று. மண்ணெண்ணெய் பரவுவதற்கு முன்னர் தமிழர் வாழ்ந்த பகுதிகளில் கோயில் விளக்குகளுக்கும் வீட்டு விளக்குகளுக்கும் இலுப்பெண்ணெய் வார்க்கப்பட்டது. எள்ளுப் பிண்ணாக்கையும் தேங்காய்ப் பிண்ணாக்கையும் மாட்டுக்கு வைப்பதுபோல இதை வைக்க இயலாது. கசப்பும் நச்சுத்தன்மையும் அதற்குத் தடையாயின. ஆயினும் எவரும் இதை வீணாக்கவில்லை. இடித்துத் தூளாக்கி, எண்ணெய் முழுக்கின்போது அரப்பாகத் தலையில் தேய்த்தனர். வயலுக்கும் தோட்டத்துக்கும் எருவாக இட்டனர். நீர்நிலைகளில் கரைத்து மீன்களை மயக்கிப் பிடித்தனர்.

இப்பயன்கள் பலவற்றுக்கும் அடிப்படையாக அமைவது சபோனின், அதாவது நீரில் கலக்கும்போது சவர்க்காரம்போல் நுரைக்கும் தாவரப்பொருள். தலையிலுள்ள எண்ணெய்ப் பிசுக்கை அகற்றுவதும், மீனின் செவுள் வழியே குருதியில் கலந்து சிவப்பணுக்களைச் சிதைப்பதும் அதுவேயாகும். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இப்பிண்ணாக்கின் தூள் இந்தியாவிலிருந்து பிரித்தானியாவுக்கு ஏற்றுமதியாகி, கோல்ஃப் மைதானப் புற்றரைகளில் தூவப்பட்டது. தூவி நீர் பாய்ச்சியவுடன் மண்புழுக்கள் மேலே வர, அவற்றைக் கூட்டி அள்ளினர். உழவருக்கு உற்ற உயிரியை ஒழிக்கும் இப்பயன்பாட்டைப் பிண்ணாக்கின் சிறப்பாகக் கொள்வதற்கில்லை.

மிக விரிவாகப் பதிவாகியிருப்பது மீன்வளர்ப்புக் குளங்களில் இதன் பயன்பாடாகும். குஞ்சு விடுவதற்கு முன் குளத்திலுள்ள விரால், கெளுத்தி முதலிய வேண்டா மீன்களை அகற்ற, ஒரு மீற்றர் ஆழமுள்ள ஒரு ஹெக்டேயர் நீர்ப்பரப்புக்கு ஏறத்தாழ 2,000 முதல் 2,500 கிலோகிராம் வரை பிண்ணாக்கு இடுமாறு இந்திய மீன்வளர்ப்புக் கையேடுகள் பரிந்துரைக்கின்றன. பிண்ணாக்கை ஊறவைத்துக் கரைத்து, குளம் முழுவதும் பரவலாகத் தெளிப்பர்; சில மணி நேரத்தில் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாய்பிளக்கத் தொடங்கும். அவ்வாறு இறந்த மீனை மனிதர் உண்ணலாம் என்றே பொதுவாகக் கூறப்படுகிறது. இரண்டு, மூன்று வாரங்களில் நஞ்சின் வீரியம் தணிந்துவிட, எஞ்சிய சக்கை மக்கி எருவாகி, புதிய குஞ்சுகளுக்கு இரையாகும் நுண்ணுயிர்கள் பெருகத் துணைசெய்கிறது. களைமீனை அழித்த பொருளே வளர்ப்பு மீனுக்கான இரையைப் பெருக்கும் இவ்வொழுங்கு குறிப்பிடத்தக்கது.

எண்ணெயை எரிபொருளாக்கும் மற்றொரு வழியில் பிண்ணாக்குடன் கிளிசரினும் கிடைக்கிறது. 1779 இல் ஒலிவ எண்ணெயை ஈய ஒட்சைட்டுடன் சூடாக்கிய கார்ல் வில்ஹெல்ம் ஷீலே இவ்வினிப்பு நீர்மத்தைக் கண்டறிந்தார். எண்ணெயுடன் மெதனோலையும் ஊக்கியையும் சேர்த்து உயிரி டீசல் செய்யும்போது, நூறு கிலோ எண்ணெய்க்குப் பத்துக் கிலோ அளவில் கிளிசரின் அடியில் தங்கும். 2000களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உயிரி டீசல் பெருகியபோது கிளிசரின் சந்தையில் தேங்கி விலை வீழ்ந்தது. பெற்றோலிய வேதிப்பொருளிலிருந்து அதைத் தயாரித்த ஆலைகள் மூடப்பட்டன. பின்னர் பிசின் தயாரிப்புக்குரிய எப்பிக்குளோரோஐதரினைக் கிளிசரினிலிருந்தே செய்யும் முறை பிரான்சில் 2007 இல் நடைமுறைக்கு வந்தது.

இந்தியாவில் 2003 முதல் காட்டாமணக்கு எண்ணெயை டீசலாக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டது. 2009 ஆம் ஆண்டுக் கொள்கை 2017 அளவில் 20 விழுக்காட்டுக் கலப்பை இலக்காகக் கொண்டது. இலக்கு எட்டப்படவில்லை. விளைச்சல் குறைந்ததே காரணம் எனப் பலர் கருதுவர். ஃபோர்போல் எஸ்டர் என்னும் நஞ்சு கலந்த பிண்ணாக்கு கால்நடைத் தீவனமாக விலைபோகாததும் எண்ணெய்ச் செலவைக் கூட்டியது என்பாரும் உளர். நஞ்சகற்றும் முறைகள் பல முன்மொழியப்பட்டாலும், அவை பெரிய அளவில் வேரூன்றியதாகத் தெரியவில்லை.

வன்னியிலோ, உள்நாட்டுப் போரையொட்டி 1990 முதல் நிலவிய பொருளாதாரத் தடைக்காலத்தில் எரிபொருளே அரிதாயிற்று. மோட்டார் சைக்கிள்கள் சில துளி பெற்றோலில் இயக்கப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடின. சவர்க்காரம் கிடைக்காதபோது பனம்பழக் களியில் துணி துவைத்தனர். அக்களியிலுள்ள கசப்புப்பொருளும் சபோனின் வகையைச் சேர்ந்ததே.

எண்ணெய் வித்துகளைப் போலவே கரும்பிலும் பயன்தரும் எச்சம் உண்டு. வன்னியிலுள்ள அக்கராயனில் கரும்புச் செய்கைக்கென ஒதுக்கப்பட்ட காணி இன்றும் கரும்புத்தோட்டக் காணி என்றே வழங்கப்படுகிறது. கரும்பின் கழிவுப்பாகிலிருந்து மதுசாரம் வடித்தபின் எஞ்சும் கருநீரை எரித்துப் பெறும் சாம்பல் பொட்டாசிய உரமாகும்; இந்தியா 2021 இல் இதை உர மானியத்தில் சேர்த்தது.

விறகுக்கென வளர்க்கும் மரத்திலும் இத்தகைய பக்க விளைபொருள் உண்டு. இலங்கையில் 2005 இல் கிளிசெரிடியா நான்காவது பெருந்தோட்டப் பயிராக அறிவிக்கப்பட்டது. அதன் கொம்புகள் மின்னுற்பத்திக்கும் கொதிகலன்களுக்கும் விறகாகும். உதிர்த்தெடுக்கும் தழை நைதரசன் செறிந்தது என்பதால் வயலுக்குப் பசுந்தாளாகவும், ஆடு மாடுகளுக்குத் தீனியாகவும் பயன்படுகிறது. வேலியில் நின்று ஆண்டில் பலமுறை வெட்டுக்கொடுக்கும் இம்மரம் வன்னிக் குடியிருப்புகளுக்குப் பெரிதும் ஏற்றது. பச்சைத் தழையின் மணம் ஒவ்வாத கால்நடைகளுக்கு, வெட்டியதை ஒரு நாள் வாடவிட்டுக் கொடுப்பது வழக்கமாகும்.