சாம்பல் ஆண்டும் நன்றியின் பொருளும்

பேரிடர் ஒன்று கடந்ததும் உயிர் பிழைத்தவரின் நாவில் முதலில் எழும் சொல் 'அல்ஹம்துலில்லாஹ்'. அது ஈமானின் இயல்பு. ஆயினும் அடுத்த வீட்டில் ஜனாஸாக்கள் கிடத்தப்பட்டிருக்கும்போது அச்சொல்லை எவ்வாறு உரக்கச் சொல்வது என்ற தயக்கமும் அதே நெஞ்சில் எழுகின்றது. நம்மை அல்லாஹ் காப்பாற்றினான் என்றால், அவர்களைக் கைவிட்டுவிட்டானா? 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நாகை, கடலூர் கரைகளையும் இலங்கையின் கிழக்குக் கரையையும் வாரிச் சுருட்டிய பின்னர் இக்கேள்வி நம் வீடுகளிலும் எழுந்தது. மாண்டவர்களின் பாவமே அலையாக வந்தது என்று விரைந்து தீர்ப்புரைத்தவர்களும் இருந்தனர்.

இக்கேள்விக்கு நம் முன்னோர் வாழ்ந்து காட்டிய விடை ஒன்று, ஹிஜ்ரி 18ஆம் ஆண்டின் (கி.பி. 639) வரலாற்றில் இருக்கின்றது. கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் இரண்டு பேரிடர்கள் ஏறத்தாழ ஒரே காலத்தில் வந்தன. ஷாம் நாட்டில் 'அம்வாஸ்' கொள்ளைநோய். ஹிஜாஸில் கடும் பஞ்சம்.

கொள்ளைநோய் பரவிய செய்தி, ஷாமை நோக்கிப் பயணம் செய்துகொண்டிருந்த உமர் (ரலி) அவர்களுக்கு 'ஸர்க்' என்னும் இடத்தில் கிடைத்தது. கலந்தாலோசித்துத் திரும்பிவிட முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று படைத்தளபதி அபூ உபைதா (ரலி) வினவ, அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதியை நோக்கியே செல்கிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) விடையளித்தார்கள். நோய் பரவிய ஊருக்குள் நுழையவும் வேண்டாம், அங்கிருந்து தப்பி வெளியேறவும் வேண்டாம் என்ற நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டலை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) எடுத்துரைத்தபோது, உமர் (ரலி) அல்லாஹ்வைப் புகழ்ந்துவிட்டுத் திரும்பினார்கள்.

அபூ உபைதா (ரலி) தம் மக்களோடு ஷாமிலேயே தங்கினார்கள்; அந்நோயிலேயே இறந்தார்கள். அவர்களுக்குப்பின் பொறுப்பேற்ற முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்களும் அதற்கே இரையானார்கள். மாண்டோர் ஏறத்தாழ 25,000 பேர் என வரலாற்றாசிரியர்கள் குறிப்பர். இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். அபூ உபைதா (ரலி), சுவனத்தின் நற்செய்தி பெற்ற பத்துப் பேரில் ஒருவர். இந்தச் சமுதாயத்தின் நம்பிக்கைக்குரியவர் என்று நபி (ஸல்) அவர்களால் சிறப்பிக்கப்பட்டவர். அவர் மாண்டார், அவரைவிடத் தகுதியில் குறைந்த எத்தனையோ பேர் பிழைத்தனர். ஆகவே பேரிடரில் மாள்வது இறைவனின் கோபத்துக்குச் சான்றன்று. பிழைப்பது நம் தகுதிக்குக் கிடைத்த சான்றிதழும் அன்று. கொள்ளைநோயில் இறந்தோரையும் நீரில் மூழ்கி இறந்தோரையும் இடிபாட்டில் சிக்கி இறந்தோரையும் ஷஹீதுகளின் வரிசையில் வைத்த மார்க்கம் நம்முடையது.

அவ்வாறெனில் பிழைத்தவரின் நன்றி எத்தகையதாக இருக்க வேண்டும்? இதற்கு விடை மதீனாவின் பஞ்சத்தில் கிடைக்கின்றது. மாதக்கணக்கில் மழை பொய்த்து, மண் சாம்பல் நிறமடைந்ததால் அவ்வாண்டு 'ஆமுர் ரமாதா', அதாவது சாம்பல் ஆண்டு எனப் பெயர் பெற்றது. பாலைவனக் குடிகள் மதீனாவைச் சூழ்ந்து தங்கினர். ஓரிரவு கலீஃபாவின் பொது விருந்தில் உண்டவர்களை எண்ணியபோது 7,000 பேர் இருந்தனர் என்றும், வர இயலாத நோயாளிகள், சிறார்கள், குடும்பத்தார் 40,000 பேர் என்றும் இப்னு ஸஅத் பதிவு செய்கிறார். பட்டினியை எண்ணிக் கணக்கெடுத்த ஆட்சி அது. ஷாமிலிருந்து 4,000 ஒட்டகச் சுமை உணவு வந்ததாகத் தபரி எழுதுகிறார்.

மக்கள் நெய்யும் பாலும் காணும்வரை தாமும் அவற்றைத் தொடுவதில்லை என உமர் (ரலி) உறுதி பூண்டார்கள். ரொட்டியும் எண்ணெயுமே உணவாயிற்று, மேனி கறுத்தது. அறுக்கப்பட்ட ஒட்டகத்தின் நல்ல பகுதி தமக்கென எடுத்துவைக்கப்பட்டபோது அதை மறுத்தார்கள். அவ்வாண்டு ஜகாத் வசூலைத் தள்ளிவைத்தார்கள். பசியால் திருடியவருக்குத் தண்டனையை நிறுத்தினார்கள். பாதிக்கப்பட்டவர்களின் பாவங்களை அவர்கள் தேடவில்லை. இந்த உம்மத்தின் அழிவு தம் கையால் நேர்ந்துவிடக் கூடாதே என்று இரவில் அழுது துஆச் செய்தார்கள். பேரிடரில் சுயவிசாரணை வேண்டும். ஆனால் அது தன்னைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்பதே இதன் பாடம்.

மழைவேண்டித் தொழுதபோது நபி (ஸல்) அவர்களின் சிறிய தந்தை அப்பாஸ் (ரலி) அவர்களை முன்னிறுத்தித் துஆச் செய்யப்பட்டது, மழை பொழிந்தது. அதன்பின் நடந்ததே நம் கவனத்துக்குரியது. உணவும் வாகனமும் கொடுத்து அந்த நாட்டுப்புற மக்களை அவரவர் நிலத்துக்கு அனுப்பிவைக்கும் பணியை உமர் (ரலி) நேரில் நின்று கவனித்தார்கள். தாவூத் (அலை) அவர்களின் குடும்பத்தாருக்கு, நன்றியைச் செயலாக ஆற்றும்படி அல்குர்ஆன் கட்டளையிடுவதை நாம் அறிவோம். அந்தக் கட்டளையின் உருவத்தை இங்கே காண்கிறோம்.

நன்றியுணர்வு கண்ணீருக்குப் பகையும் அன்று. மகன் இப்ராஹீம் இறந்தபோது நபி (ஸல்) அவர்களின் கண்கள் கலங்கின. அன்று சூரிய கிரகணம் ஏற்பட, அக்குழந்தையின் மரணத்துக்காகவே அது நிகழ்ந்தது என்று மக்கள் பேசினர். எவருடைய மரணத்துக்காகவும் வாழ்வுக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று நபி (ஸல்) தெளிவுபடுத்தினார்கள். தம் துயரத்துக்கே வானத்தைச் சாட்சியாக்காத நபியின் உம்மத்தினர், பிறர் துயரத்துக்குக் கடலைத் தீர்ப்பாக்குவது முறையாகுமா?

ஏன் அவர்கள், ஏன் நாம் அல்ல என்ற கேள்வியின் முழு விடை அல்லாஹ்விடமே உள்ளது. நம்மிடம் கேட்கப்படப் போவதோ, எஞ்சிய உயிரைக்கொண்டு என்ன செய்தோம் என்பதே. ஆழிப்பேரலை நாளில் பக்கத்து மீனவக் குடும்பங்களுக்கு மத வேறுபாடின்றிச் சோறாக்கிப் பரிமாறிய பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் அதற்கு விடையளித்தார்கள். இழந்தவர் முன் நாவின் 'அல்ஹம்துலில்லாஹ்' மெதுவாக ஒலிக்கட்டும். கைகளின் 'அல்ஹம்துலில்லாஹ்' ஓயாது ஒலிக்கட்டும். இழந்தோருக்கு அழகிய பொறுமையையும், பிழைத்தோருக்குச் செயல்வடிவான நன்றியையும் வல்ல அல்லாஹ் வழங்குவானாக. ஆமீன்.