டோஸ் ஏன் இவ்ளோ கம்மி?

அக்கா பையனுக்கு வலிப்பு. டாக்டர் லாமோட்ரிஜினைத் துளி அளவுலதான் ஆரம்பிச்சார். "ஏன் இவ்ளோ கம்மி?"னு நான் கோபப்பட்டேன். பதில் வரலாற்றுல இருந்துச்சு.

1922-ல் ஸ்டீவன்ஸ், ஜான்சன்னு ரெண்டு நியூயார்க் டாக்டர்கள் 7, 8 வயசுப் பையன்கள் ரெண்டு பேரைப் பத்தி எழுதினாங்க. காய்ச்சல், உடம்பெல்லாம் தடிப்பு, வாயெல்லாம் புண், கண்ணும் பாதிப்பு. காரணம் புரியலை. மருந்து ஒவ்வாமையாலயும் இது வரும்னு பின்னாடிதான் தெரிஞ்சது.

1994-ல் அமெரிக்காவில் லாமோட்ரிஜின் அனுமதி வாங்குச்சு. வேற வலிப்பு மருந்தோட சேர்த்துக் கொடுத்தப்போ ஆயிரம் பெரியவங்கள்ல 3 பேருக்கு மோசமான தடிப்பு, குழந்தைகள்ல 8. மருந்தைத் தூக்கிப் போடலை. கட்டம் கட்டி எச்சரிக்கை போட்டு, டோஸை ஏத்துற வேகத்தைக் குறைச்சாங்க. கூடவே வால்ப்ரோயேட் எடுக்குற பிள்ளைன்னா இன்னும் மெதுவா, ஏன்னா அது லாமோட்ரிஜினை உடம்புல தேங்க வைக்கும்.

இவன் அதையும் எடுத்துட்டுதான் இருந்தான். அடுத்த எட்டு வாரமும் ராத்திரி ராத்திரி அக்கா டார்ச் அடிச்சு அவன் முதுகைப் பார்த்தாங்க.