நடையும் எடுப்பும்: விழுப்புரம்–திண்டிவனம் தடத்தில் அலைபேசி நேரத்தின் வளர்ச்சி

அலைபேசி வலைப்பின்னலில் நேரம் எனப்படுவது கைப்பேசித் திரையில் தெரியும் மணி அன்று. கோபுரங்கள் தமக்குள் காத்துவர வேண்டிய, ஒரு நொடியைப் பத்து லட்சமாகப் பகுத்துப் பார்க்கும் நுண்ணிய ஒழுங்கு அது. 1995 முதல் 2022 வரையிலான காலத்தில் இவ்வொழுங்கு இரு வேறு பொருள் கொண்டது. தொடக்கத்தில் எல்லாக் கோபுரங்களும் ஒரே வேகத்தில் அதிர்ந்தால் போதும் என்றிருந்தது. பின்னர் எல்லாம் ஒரே கணத்தில் தொடங்க வேண்டும் என்றாயிற்று. இசையில் காலப்பிரமாணம் பிசகாமல் பாடுவோரும் எடுப்பு மாறினால் ஒருவரோடொருவர் மோதிக்கொள்வதைப் போன்றது இவ்வேறுபாடு. இம்மாற்றத்தை விளைவித்தது துல்லியத்தின் மீதான வேட்கை அன்று, அண்டைக் கோபுரங்கள் ஒரே அலைவரிசையைப் பங்கிட்டுக்கொள்ள நேர்ந்த நெருக்கடியே என்பதைச் சுமார் 37 கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்த திண்டிவனம், விழுப்புரம் ஆகிய இரு ஊர்களையும் அளவுகோலாகக் கொண்டு காணலாம்.

இத்தடத்தில் பொது நேரத்தை முதலில் கொண்டுவந்தது ரயில். 1879இல் புதுச்சேரிக் கிளைப்பாதை திறக்கப்பட்டபோது, சென்னையிலிருந்து திண்டிவனம் வழியாக வரும் தடத்தில் விழுப்புரம் சந்திப்பாயிற்று. அக்காலத்தில் இந்திய ரயில்வேக்கள் பெரிதும் சென்னை வானாய்வகத்தின் நேரத்தையே பின்பற்றின; அது தந்திக் கம்பி வழியே நிலையங்களை எட்டியது. தீர்க்கரேகைக் கணக்குப்படி விழுப்புரத்தில் உச்சிவேளை சென்னையைவிடச் சுமார் 3 நிமிடம் பிந்தியே வரும். 1906 சனவரி 1 முதல் இந்தியப் பொது நேரம் நடைமுறைக்கு வந்தபின் சூரியனுக்கும் கடிகாரத்துக்குமான அவ்விடைவெளி சுமார் 12 நிமிடமாக விரிந்தது. அரை நிமிடப் பிழையைக்கூடப் பொறுத்துக்கொண்ட ஏற்பாடு அது.

1995 சூலை 31 அன்று கொல்கத்தாவில் தொடங்கிய அலைபேசிச் சேவை அதே ஆண்டில் சென்னைக்கு வந்தது. தமிழகத்தின் பிற பகுதிகளுக்குப் பரவச் சில ஆண்டுகள் ஆயின. அன்றைய ஜிஎஸ்எம் முறை ஒவ்வொரு கோபுரமும் தன் அதிர்வெண்ணை நூறு கோடியில் 50 பங்குக்கு மேல் பிசகவிடக் கூடாது என்று விதித்தது. 900 மெகாஹெர்ட்ஸில் இது வெறும் 45 ஹெர்ட்ஸ். நெடுஞ்சாலையில் விரையும் பேருந்திலுள்ள கைப்பேசி ஒரு கோபுரத்தை விட்டு அடுத்ததைப் பற்றும்போது தடுமாறாதிருக்க இக்கட்டுப்பாடு தேவைப்பட்டது. இதற்கெனத் தனிக் கடிகாரத் தொடர்பு எதுவும் வேண்டியிருக்கவில்லை. தொலைபேசி நிலையத்திலிருந்து கோபுரத்துக்கு வரும் நொடிக்கு 20 லட்சம் துடிப்புகளுக்கும் சற்று மேற்பட்ட இணைப்பின் துடிப்பையே கோபுரம் பின்பற்றியது. அத்துடிப்பு மேல்நிலையங்கள் வழியே சீசியம் அணுக்கடிகாரம் வரை சென்று முடியும்.

ஆயினும் கைப்பேசியும் அதன் கோபுரமும் தமக்குள் நேரத்தைச் சரிசெய்துகொள்ளவே வேண்டியிருந்தது. தொலைவிலுள்ள கைப்பேசி, பயணத்தில் கழியும் நேரத்தை ஈடுசெய்யத் தன் அலையைச் சற்று முன்னதாகவே அனுப்ப வேண்டும். இம்முந்துதல் ஏறத்தாழ 550 மீட்டருக்கு ஒரு படியாக 63 படிகள் வரையே செல்லும் என்பதால், கோபுரத்தின் எல்லை 35 கிலோமீட்டரோடு முடிந்தது. விழுப்புரத்துக் கோபுரத்தின் அலை திண்டிவனம் வரை தெளிவாக எட்டினாலும், வழக்கமான ஜிஎஸ்எம் அமைப்பில் அங்கிருந்து பேச இயலாது.

2002 இறுதியில் ரிலையன்ஸ் நாடெங்கும் கொண்டுவந்த சிடிஎம்ஏ முறையில் நிலைமை மாறியது. அதில் எல்லாக் கோபுரங்களும் ஒரே அதிர்வெண்ணில், ஒரே குறித்தொடரையே ஒலிபரப்பின. அத்தொடரை எக்கணத்தில் தொடங்குகிறது என்பதே ஒரு கோபுரத்தின் அடையாளம். அடுத்தடுத்த தொடக்கங்களுக்கு இடையே 52 மைக்ரோநொடியே இருந்தது. ஆகவே கோபுரம்தோறும் ஜிபிஎஸ் ஏற்பி பொருத்தப்பட்டது. கம்பி வழி வந்த நேரம் வானிலிருந்து இறங்கத் தொடங்கியது. அம்முறை இன்று வழக்கொழிந்துவிட்டது. அது கொண்டுவந்த ஏற்பிகளின் வழித்தோன்றல்களே இன்றும் கோபுரங்களில் உள்ளன.

2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ தொடங்கிய 4ஜி சேவையின் 2300 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையும், 2022 அக்டோபர் 1 அன்று நாட்டில் தொடங்கப்பட்ட 5ஜியின் 3300 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையும் கணத்தின் ஒருமையைத் தவிர்க்க முடியாததாக்கின. இவற்றில் கோபுரம் பேசுவதும் கைப்பேசி பேசுவதும் ஒரே அதிர்வெண்ணில், மாறிமாறி நிகழ்கின்றன. ஒரு கோபுரம் கேட்கத் தொடங்கியபின்னும் அடுத்தது பேசிக்கொண்டிருந்தால், பல வாட் ஆற்றலுள்ள அதன் அலையில் 0.2 வாட் கைப்பேசியின் குரல் மூழ்கிவிடும். எனவே எக்கோபுரமும் பொது நேரத்திலிருந்து 1.5 மைக்ரோநொடிக்கு மேல் விலகக் கூடாது. அந்நேரத்தில் ஒளி கடப்பது 450 மீட்டர் மட்டுமே. பிழை, அதனைச் செய்த கோபுரத்தோடு நில்லாமல் சுற்றுப்புறத்தையும் தாக்குவதால், நேரம் தவறிய கோபுரத்தை நிறுத்திவைப்பதே மேல் எனக் கருதப்படுகிறது. அடுத்தடுத்த அலைவரிசைகளை வைத்திருக்கும் போட்டி நிறுவனங்களும் இவ்விஷயத்தில் மட்டும் ஒத்துப்போக வேண்டியவையே.

வானை மட்டும் நம்புவதன் ஆபத்து உணரப்பட்டதும் நேரம் மீண்டும் வடத்துக்குத் திரும்பியது. ஐஇஇஇ 1588 என்னும் நெறிமுறை 2002இல் வெளிவந்து 2008இல் திருத்தப்பட்டது. முதன்மைக் கடிகாரமும் கோபுரமும் செய்திகளைப் பரிமாறி, புறப்பட்ட, சேர்ந்த நான்கு கணங்களையும் குறித்துக்கொள்கின்றன; மொத்தப் பயண நேரத்தில் பாதியே ஒருவழிப் பயணம் என்று கொண்டு கடிகாரம் திருத்தப்படுகிறது. முறையின் வலிமையும் பலவீனமும் அந்தப் ‘பாதி’ என்னும் அனுமானத்திலேயே உள்ளன. ஒளியிழையில் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 5 மைக்ரோநொடி ஆவதால், திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் செல்ல 185 மைக்ரோநொடி பிடிக்கும். போக்கும் வரவும் சமமாக இருக்கும்வரை இத்தாமதம் தீங்கற்றது. சாலைப் பணியில் வடம் அறுந்து, போகும் இழை மட்டும் ஒரு கிலோமீட்டர் சுற்றுவழியில் இணைக்கப்பட்டால், கடிகாரம் 2.5 மைக்ரோநொடி தவறும். பேச்சும் தரவும் பழுதின்றி ஓடிக்கொண்டிருக்க, நேரம் மட்டும் கெட்டிருக்கும். வடத்தை ஒட்டுபவரின் வேலை நேரத்தையும் பாதிக்கும் வேலையாகிவிட்டது இப்படித்தான்.

இரு வழியும் அடைபட்டால் கோபுரத்துக்குள் உள்ள படிக அலைவியே துணை. ஒரு நாள் முழுதும் 1.5 மைக்ரோநொடிக்குள் நிற்க அது லட்சம் கோடியில் 17 பங்குக்கு மேல் பிசகாதிருக்க வேண்டும். மலிவான படிகங்கள் சில மணி நேரத்திலேயே தோற்றுவிடும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. அத்தகைய மழையும் செயற்கைக்கோள் நேரத்தை அவ்வளவாகத் தடுப்பதில்லை. மின்வெட்டும் மின்கலத்தின் ஆயுளுமே கோபுரத்துக்கு முதற்பகை. தென்னிந்தியா காந்த நடுக்கோட்டை ஒட்டியிருப்பதால் அந்திக்குப்பின் அயனிமண்டலக் கொந்தளிப்பு ஜிபிஎஸ் குறிகையைக் குலைப்பதுண்டு என்றாலும், அயனிமண்டலத்தால் வரும் நேரப்பிழை பெரும்பாலும் நூறு நானோநொடியைத் தாண்டுவதில்லை.

அயல்நாட்டுச் செயற்கைக்கோளைச் சார்ந்திருப்பது வேறு வகைக் கவலை. இதற்கு மாற்றாக இஸ்ரோ 2013 முதல் ஏவிவரும் நாவிக் தொகுதியின் முதல் செயற்கைக்கோளில் மூன்று ரூபிடியம் கடிகாரங்களும் பழுதாயின. பின்னர் ஏவப்பட்டவற்றில் உள்நாட்டு அணுக்கடிகாரமும் இடம்பெற்றது. புதுதில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகம் பேணும் இந்தியப் பொது நேரத்தைப் பிற நகர மையங்களுக்கும் கொண்டுசென்று, அங்கிருந்து தொலைத்தொடர்பு வலைப்பின்னல்களுக்கு வழங்கும் திட்டம் நடைபெற்றுவருகிறது.