கூலியாளா, மகனா?



ஒரு தந்தையையும் அவருடைய இரு மைந்தரையும் பற்றிய சிறுகதை ஒன்று, இந்தியத் துணைக்கண்டத்து மொழிகளை அளக்கும் கோலாகப் பயன்பட்டது. சர் ஜார்ஜ் கிரியர்சன் 1903 முதல் 1928 வரை வெளியிட்ட இந்திய மொழியாய்வுத் தொகுதிகளில், மொழிதோறும் கிளைமொழிதோறும் பெயர்க்கச் செய்த மாதிரிப் பாடம், லூக்கா நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்திலுள்ள ஊதாரி மைந்தன் உவமையே. மூவிடப் பெயர்களும், பெரும்பாலான வேற்றுமைகளும், முக்காலமும் அதனுள் அமைந்திருந்தமையே காரணம். எனினும் அக்கதை எழுப்பும் வினா இலக்கணத்தோடு முடிவதன்று. பிரிந்த தந்தையும் மகனும் எவ்வாறு மீண்டும் கூடுவது?

தந்தை உயிரோடிருக்கும்போதே தன் பங்கைக் கேட்டுப் பெற்ற இளையவன், அதனைத் தொலைநாட்டில் அழிக்கிறான். பஞ்சத்தில் பன்றி மேய்க்கும் நிலைக்குத் தாழ்ந்தபின், வீட்டில் சொல்லவேண்டிய சொற்களை மனத்துள் அமைத்துக்கொள்கிறான். அவை மூன்று: குற்றத்தை ஏற்பது, மகன் எனப்படும் தகுதியை இழந்தமையைக் கூறுவது, கூலிக்காரருள் ஒருவனாகத் தன்னை வைத்துக்கொள்ளுமாறு வேண்டுவது. தொலைவிலேயே கண்டு ஓடிவந்து தழுவிக்கொண்ட தந்தையிடம் முதலிரண்டையும் சொல்லிவிடுகிறான். மூன்றாவது வேண்டுகோளோ அவன் வாயிலிருந்து வரவேயில்லை. அதற்குள் உயர்ந்த ஆடையும், மோதிரமும், காலணியும் கொணருமாறு தந்தை ஆணையிடுகிறார். மகன் கூலியாளாகத் திரும்புவதற்கு அவர் இடம் கொடுக்கவில்லை.

இக்கதை தமிழில் அச்சேறிய இடம் தரங்கம்பாடி. சீகன்பால்கு பெயர்த்த நற்செய்திகள் அங்கு 1714இல் அச்சாயின. மறு ஆண்டு புதிய ஏற்பாடு முழுமையும் நிறைவுற்றது. ஒரு நூற்றாண்டு கழித்து, நற்செய்திகளை மலாய் மொழியில் பெயர்க்கும் பணி நம் மலாக்காவிலும் நடைபெற்றது. அதில் தாம்சன் என்னும் மறைபணியாளருக்குத் துணைநின்றவர் முன்ஷி அப்துல்லா. இறுதிவரை இஸ்லாமியராகவே வாழ்ந்த அவர், இளமையில் மலாக்காவில் தமிழ் கற்றவர். வசதியான குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் பயில்வது அந்நகரின் நெடுநாள் வழக்கம் எனத் தம் வரலாற்றிலும் குறித்துள்ளார்.

மீண்டும் கதைக்கு வருவோம். மூத்தவன் வீட்டை விட்டு நீங்காதவன். ஆயினும் விருந்து நடக்கும் வீட்டுக்குள் வர மறுக்கிறான். இத்தனை ஆண்டுகள் உழைத்தும் தனக்கு ஓர் ஆட்டுக்குட்டியேனும் கிடைத்ததுண்டா என்று கணக்குக் கேட்கிறான். இளையவன் கேட்க எண்ணிய கூலியாள் நிலையில், மூத்தவன் தன்னை அறியாமலே வாழ்ந்திருக்கிறான். தந்தை அவனிடமும் வெளியே வந்து மன்றாடுகிறார். அவன் உள்ளே சென்றானா என்பதைக் கதை சொல்லவில்லை.

இங்கு ஒரு சொல் நமக்குத் துணைசெய்யும். பகைநீங்கிக் கூடுதலைக் குறிக்க விவிலியத் தமிழ் 'ஒப்புரவாகுதல்' என்னும் சொல்லை ஆள்கிறது. உலகநடை அறிந்து பிறர்க்கு உதவி வாழும் பண்பை 'ஒப்புரவறிதல்' எனத் தனி அதிகாரமாக வகுத்தது திருக்குறள். இருவகை ஆட்சியிலும் 'ஒப்பு' என்னும் அடி நிற்கிறது. மன்னிப்பை ஒருவரே வழங்கிவிடலாம்; ஒப்புரவுக்கோ இருவரும் வேண்டும். தந்தை இருவரையும் மன்னித்தார். ஆனால் மூத்தவனுடைய ஒப்புரவு வாசலிலேயே காத்து நிற்கிறது.

மஸ்ஜித் தானா வட்டாரத்துத் தோட்டங்களில் 'கூலி' என்னும் சொல்லின் எடையை அறிந்த குடும்பங்கள் பல. நம் முன்னோரைப் பிறர் அச்சொல்லால் எண்ணினர். வீட்டுக்குள் அவர்கள் அப்பாவாகவும் அம்மாவாகவும் பிள்ளைகளாகவும் இருந்தனர். பிள்ளைகள் நகரங்களுக்குச் சென்றுவிட்ட இந்நாளில், பெற்றோர் செய்த செலவையும் பிள்ளைகள் அனுப்பிய பணத்தையும் கணக்கிட்டுப் பேசும்போது, நாமே அச்சொல்லை வீட்டுக்குள் அழைத்துவருகிறோம். இவ்வுவமையை வகுப்பில் கற்பிக்கும் ஆசிரியர், மூத்தவன் உள்ளே சென்றானா என்னும் வினாவை மாணவரிடமே விட்டுவிடலாம்.