வரைபடத்தை நம்பி யூனிட் டிரஸ்ட் வாங்கலாமா? – ஒரு வரலாற்றுப் பார்வை



பிள்ளைகளின் மேற்படிப்புக்காகச் சேமிக்கும் பகாவ் வட்டாரப் பெற்றோர் சிலர், யூனிட் டிரஸ்ட் முகவர்கள் தந்த விலை வரைபடங்களை என்னிடம் காட்டி விளக்கம் கேட்பதுண்டு. கோடு இந்த வடிவில் வந்தால் விலை ஏறும், அந்த வடிவில் வந்தால் இறங்கும் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. இக்கருத்து எங்கிருந்து வந்தது, யூனிட் டிரஸ்டுக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

விலையின் ஏற்ற இறக்கம் நம் தோட்டத்து மக்களுக்குப் புதிதன்று. கெடிஸ், ஜெராம் பாடாங் போன்ற தோட்டங்கள் சூழ்ந்த ஊர் பகாவ். ரப்பர் விலை 1922-இல் வந்த ஸ்டீவன்சன் கட்டுப்பாட்டுத் திட்டத்தால் உயர்ந்தது. 1930-களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தத்தால் வீழ்ந்தது. 1950-இல் கொரியப் போர் மூண்டதும் மீண்டும் விண்ணைத் தொட்டது. இதனை வரைந்து பார்த்தால் மலையும் பள்ளமுமாகத் தெரியும். ஆயினும் விலையை ஏற்றி இறக்கியது கோட்டின் வடிவமன்று. சட்டமும் மந்தமும் போருமே. வரைபடம் நடந்ததற்குச் சான்று மட்டுமே.

வரைபடம் பார்த்து விலை கணிக்கும் கலை பழைமையானது. மெழுகுவத்தி வடிவ வரைபடத்தை, 18-ஆம் நூற்றாண்டு ஜப்பானிய அரிசி வணிகர் ஹொம்மா முனேஹிசாவின் பெயரோடு இணைத்துக் கூறுவது மரபு. அமெரிக்காவில் சார்ல்ஸ் டவ் 1884-இல் பங்கு விலைகளின் சராசரியை வெளியிடத் தொடங்கினார். அவருடைய கருத்துகளே பின்னாளில் 'டவ் கோட்பாடு' எனப் பெயர் பெற்றன.

அக்கோட்பாட்டைப் பின்பற்றியவர்களுள் புகழ் பெற்றவர், வால் ஸ்திரீட் ஜர்னல் நாளிதழின் ஆசிரியர் வில்லியம் பீட்டர் ஹாமில்டன். 1904 முதல் 1929 வரை அவர் கூறிய கணிப்புகளை ஆல்பிரட் கௌல்ஸ் என்ற ஆய்வாளர் 1933-இல் சோதித்தார். சந்தையின் போக்கு மாறும் என்று ஹாமில்டன் சொன்ன 90 முறைகளில் 45 பலித்தன, 45 பொய்த்தன. நாணயத்தைச் சுண்டினாலும் அதே விடைதான்! பங்குகளை வாங்கி அசையாமல் வைத்திருந்தவர், அவரைப் பின்பற்றியவரைவிடக் கூடுதலாக ஈட்டியிருப்பார். 1998-இல் வந்த மறு ஆய்வொன்று, ஹாமில்டனின் வழியில் இடர் குறைவாக இருந்ததை எடுத்துக்காட்டியது என்பதையும் நடுநிலையோடு சொல்ல வேண்டும்.

பங்குகளின் கதை இதுவென்றால், யூனிட் டிரஸ்டின் நிலை வேறு. மலாயாவில் இத்திட்டம் 1959-இல் அறிமுகமானது. பங்கின் விலை, வாங்குவோரும் விற்போரும் மோதும் இடத்தில் பிறக்கிறது. தாங்குநிலை, தடைநிலை, 'தலையும் தோளும்' என்னும் வடிவங்கள் யாவும் அக்கூட்டத்தின் ஆசையையும் அச்சத்தையும் படிக்கும் முயற்சிகளே. யூனிட்டின் விலையோ கணக்கேட்டில் பிறக்கிறது. நிதியின் சொத்து மதிப்பிலிருந்து கடனையும் செலவையும் கழித்து, யூனிட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவதே அவ்விலை. வேலை நாளுக்கு ஒரு விலை மட்டுமே உண்டு. எத்தனை பேர் வாங்கினாலும் அதனால் மட்டும் அவ்விலை ஏறாது. எனவே அக்கோடு சந்தையின் பொதுப்போக்கை எதிரொலிக்கலாம். நிதி மேலாளரின் திறமையைக் காட்டாது.

இன்னொரு மயக்கமும் உண்டு. 1 ரிங்கிட் 10 சென் விலையுள்ள யூனிட்டுக்கு 10 சென் இலாப ஈவு வழங்கினால், விலை 1 ரிங்கிட்டாகக் குறையும். வரைபடத்தில் அது பெருவீழ்ச்சி. உண்மையில் 1,000 யூனிட் வைத்திருப்பவரிடம் 1,000 ரிங்கிட் மதிப்புள்ள யூனிட்டும் 100 ரிங்கிட் ஈவும் உள்ளன. இழப்பு எங்கே?

2009-இல் தொடங்கப்பட்ட அமானா சஹாம் 1மலேசியா திட்டத்தில் 15 விழுக்காடு இந்தியர்களுக்கு ஒதுக்கப்பட்டது. பின்னர் அது அமானா சஹாம் மலேசியா 3 எனப் பெயர் மாறியது. அதன் விலை யூனிட்டுக்கு 1 ரிங்கிட் என்றே நிலைத்திருப்பது. வரைந்தால் நேர்க்கோடு! அதனை மதிப்பிட ஆண்டுதோறும் அறிவிக்கப்படும் ஈவைத்தான் பார்க்க வேண்டும்.

அப்படியானால் வரைபடம் பயனற்றதா? இல்லை. கோலாலம்பூர் கூட்டுக் குறியீடு 1994 ஜனவரியில் 1,314 புள்ளிகளைத் தொட்டது. ஆசிய நிதி நெருக்கடியில், 1998 செப்டம்பர் 1-ஆம் நாள் 262.70 ஆனது. இது 80 விழுக்காட்டு வீழ்ச்சி. மீண்டும் பழைய உயரத்தை எட்ட ஐந்து மடங்காக வேண்டும்; 2007-இல்தான் அது கைகூடியது. படிவம் ஒன்றில் இருக்கும் பிள்ளையின் பல்கலைக்கழகக் கட்டணம் பதின்மூன்று ஆண்டுகள் காத்திருக்குமா? வரைபடம் கற்பிக்கும் நல்ல பாடம் இதுவே.

ஆகவே பெற்றோர்களே, வரைபடத்தை நீட்டுபவரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். ஈவையும் சேர்த்து வரைந்ததா? பத்தாண்டுகளையேனும் காட்டுகிறதா? ஒப்பீட்டுக் குறியீட்டின் கோடு அருகில் உள்ளதா? கட்டணம் எவ்வளவு? நுழைவுக் கட்டணம் 5 விழுக்காடு எனில், 1,000 ரிங்கிட்டில் 50 ரிங்கிட் முதல் நாளே போய்விடும். கோட்டின் வடிவம் மாறும்போதெல்லாம் நிதியை விற்று வேறொன்றை வாங்குபவர், அக்கட்டணத்தைத் திரும்பத் திரும்பச் செலுத்த நேரிடும்.

ஆசிரியர்களே, கணிதப் பாடத்தில் கோட்டு வரைபடம் கற்பிக்கும்போது, "இக்கோடு ஏன் ஏறியது?" என்ற வினாவையும் சேர்த்துக் கேளுங்கள். அவ்வினாவைக் கேட்கப் பழகிய பிள்ளையை வெறும் வடிவம் காட்டி ஏமாற்றுவது எளிதன்று.